பரண் ஏணியில் தொங்கிய அட்டை

ஆப்வில், லூசியானா
ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மார்செலுக்கு,

நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், இதை முதலில் எழுதிவிட்டால்தான் நீ மிச்சத்தை நிதானமாகப் படிப்பாய். உங்கள் ஆங்கரேஜில் இப்போதே காலையில் ஸ்வெட்டர் தேவைப்படுகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம், உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு மயக்கம் திரும்ப வரவில்லை. நேற்று வெண்டைக்காய் நறுக்கி கம்போக் குழம்பு வைத்தாள், நான் உப்பு குறைவு என்றேன், உப்புக் குப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பத்து நாளாக என்னிடம் தேவைக்கு மேல் அவள் பேசுவதில்லை. ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் பாதியை விழுங்கிவிடுவேன்.

பரணில் இருக்கும் ஏசி பெட்டியைப் பற்றி உனக்குத் தெரியும், அதற்கு இருபத்து மூன்று வயது. அதைப் பார்த்துக்கொள்ளும் ரோலண்ட் டூசே பரண் ஏணியில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். மாதம் முதல் தேதி ஃபில்டர் மாற்ற வேண்டும், தண்ணீர் வடியும் குழாயில் ஒரு கோப்பை வினிகர் ஊற்ற வேண்டும், ஊற்றியதும் அட்டையில் டிக் போட வேண்டும். வினிகர் ஊற்றாவிட்டால் குழாயில் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும், அடைத்தால் பெட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் ஏறும், ஏறினால் ஒரு மிதவை சுவிட்ச் மேலே வந்து ஏசியை நிறுத்திவிடும். பரணுக்குக் கீழே உள்ள உட்கூரை நனைந்து இடியாமல் இருக்க அந்த ஏற்பாடு. இது என் வேலை. ஏப்ரல் முதல் தேதி ஏணியில் மூன்றாவது படியில் எனக்குக் கால் நடுங்கித் தலை சுற்றியது, இறங்கிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அட்டையில் டிக் போட்டேன். மே, ஜூன், ஜூலையிலும் கீழே நின்றபடியே போட்டேன். அம்மா வினிகர் பாட்டிலைக் கவனிப்பாள் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பையை அளந்து சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன். நான்கு புது ஃபில்டர்களும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தன. போட்டாச்சா என்று அவள் கேட்டபோதெல்லாம் போட்டாச்சு என்றேன். நாற்பத்தொரு வருடம் பத்திரிகையில் இருந்தேன், பார்க்காத எதையும் பார்த்ததாக எழுதியதில்லை என்று உன்னிடம் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை பாதியில் ஏசி அடிக்கடி நின்றது. இரண்டு நாள் கழித்துத் தானே ஓடும், மறுபடி நிற்கும். ரோலண்ட் வந்த நாளில் பெட்டி ஓடாமலே கிடந்ததால் தட்டு காய்ந்திருந்தது. இறங்கி வந்து, வினிகர் தவறாம ஊத்துறீங்கல்ல மிஸ்டர் லூசியன் என்று கேட்டான். அட்டையைப் பாரேன் என்றேன். பார்த்தான், தலையாட்டினான், அப்படின்னா உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டுதான் போயிருக்கணும் என்றான். அந்தப் போர்டை இப்போது யாரும் செய்வதில்லை. ஹூஸ்டனிலிருந்து மொபில் நகரம் வரை எல்லாக் கடைகளுக்கும் ஒன்பது நாள் தொலைபேசியில் அலைந்தான், கடைசியில் மார்கன் சிட்டியில் இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில், இதே மாடல் பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்தான். பழசுதான் மிஸ்டர் லூசியன், மறைக்கல, ஆனா உயிரு இருக்கு என்று சொல்லித்தான் மாட்டினான். கழற்றிய நம் போர்டை ஒரு டப்பாவில் போட்டு, தூக்கிப் போட்டுடாதீங்க, குத்தம் இதுமேல இல்லாமகூட இருக்கலாம் என்று பெட்டி மேலேயே வைத்துவிட்டுப் போனான். மூன்று நாள் ஓடியது, நான்காம் நாள் நின்றது.

அன்று காலை பாலத்தடிப் பேக்கரியில் நண்பர்கள் கூடும் எங்கள் காப்பி மேசையில் நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன். செத்த வீட்டு சாமானை என் தலையில கட்டிட்டான் அந்த டூசே என்றேன். ஹ்யூபர்ட் சிரித்து, உன் தலைக்குப் புது சாமான் சேராதுப்பா என்றான். ஆனால் க்ளோவிஸ் சிரிக்கவில்லை, அவன் வீட்டு ஏசி வேலைக்கு மறுநாள் ரோலண்ட் வருவதாக இருந்தது, அங்கேயே தொலைபேசியை எடுத்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான் தடுக்கவில்லை. அன்று பிற்பகல் வீட்டுக்குள் தொண்ணூற்று நான்கு டிகிரி, அம்மா அத்திப்பழம் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அடுப்பருகிலேயே சரிந்தாள். மருத்துவமனையிலிருந்து உன்னிடம் பேசியபோது நீ என்ன ஆச்சு என்று கேட்டாய், நான் ரோலண்டின் பெயரைச் சொன்னேன். நீ கோபத்தில் அவன் தொழில் பக்கத்தில் இணையத்தில் எழுதினாய், வயசானவங்களை ஏமாத்துற ஆள் என்று. எழுதிவிட்டேன் அப்பா என்று எனக்குச் சொன்னாய். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

ரோலண்ட் கூப்பிடாமலே வந்தான். மிஸ் ஈனெஸ் விழுந்துட்டாங்களாமே என்று அம்மாவைப் பற்றிக் கேட்டு, தண்ணீர் உறிஞ்சும் இயந்திரத்தோடு நேரே பரணுக்கு ஏறினான். அம்மா வீடு திரும்பி சோபாவில் படுத்திருந்தாள். தட்டு இந்த முறை நிரம்பியிருந்தது, சுவிட்ச் அதன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. குழாயிலிருந்து கைநீளத்துக்குப் பச்சைக் கொழகொழப்பு வந்தது. ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினான், அது கம்பளி மாதிரி சாம்பல் நிறத்தில் தடித்திருந்தது. அதன் ஓரத்தில், மார்ச் மாதச் சோதனைக்கு வந்து அவனே மாட்டியபோது எழுதிய தேதி இருந்தது. அதை என் முன்னால் பிடித்துக்கொண்டு, என் தப்பும் இருக்கு, அன்னைக்கே இதைத் திறக்கத்தான் போனேன், அட்டையில உங்க டிக்கைப் பார்த்துட்டு விட்டுட்டேன், உங்க எழுத்தாச்சே என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மா சோபாவிலிருந்து, அப்போ அந்த வினிகர் எங்கே போச்சு என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். ரோலண்ட் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். அவன் மறுபடி ஏறி, டப்பாவில் இருந்த நம் போர்டை மாட்டி, தான் தேடிக் கொண்டுவந்ததைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். ஏசி அன்றிலிருந்து நிற்கவில்லை. இனி ஏணி வேண்டாம், தாழ்வாரச் சுவரில் ஃபில்டருக்கு ஒரு கதவு வெட்டித் தர்றேன், குழாய்க்கும் வெளியில எட்டுற மாதிரி ஒரு வாய் வச்சுடலாம் என்றான்.

எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது, முதல் பக்கத்தில் செய்த பிழைக்குத் திருத்தமும் முதல் பக்கத்தில்தான் வர வேண்டும். ஆகவே இன்று காலை அதே மேசைக்குப் போனேன். மூன்று வாக்கியம் எழுதி எடுத்துப் போய் நின்றுகொண்டு படித்தேன். ரோலண்ட் டூசே கெட்ட சாமான் விற்றதாக இங்கே சொன்னேன், அது உண்மையல்ல. நான்கு மாதம் பராமரிப்பைச் செய்யாமல் செய்ததாக நான் எழுதியதுதான் காரணம். பிழை முழுவதும் என்னுடையது. படித்து முடித்ததும் ஹ்யூபர்ட், வாழ்நாள்ல நீ சுருக்கமா எழுதினது இது ஒண்ணுதான்ய்யா, உட்காரு, காப்பி ஆறுது என்றான். க்ளோவிஸ் தன் வீட்டு வேலையை ஏற்கெனவே வேறு ஆளுக்குக் கொடுத்து முடித்துவிட்டானாம். அதை என்னால் திருத்த முடியாது.

அம்மா பழைய அட்டையை எடுத்துவிட்டு புதியதைக் கட்டியிருக்கிறாள். பென்சில் அவள் சமையல் மேலங்கிப் பையில் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவளும் தரவில்லை.

கடவுள் உன்னைக் குளிரிலும் தனிமையிலும் காக்கட்டும், நீ எதிலும் என்னைப் போல் ஆகாமல் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே. இணையத்தில் நீ எழுதியதை வெறுமனே அழித்துவிடாதே, படித்தவர்கள் படித்தது படித்ததுதான். அதே இடத்தில் திருத்தம் எழுது. தவறான தகவல் கிடைத்தது என்று எழுதாதே, அது எனக்காக நீ செய்யும் பூச்சு வேலை. என் அப்பா பொய் சொன்னார் என்று எழுது, என் பெயரையும் போடு. எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள், டூசே என்ற பெயரை நீ போன முறை தவறாக எழுதியிருந்தாய்.

உன் அப்பா,
லூசியன்