இலையில் வைத்த சான்ட்விச்

காரைக்குடி

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும், வயிற்றில் உதைக்கிற வாண்டும் அந்த நார்வே குளிரில் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் என் கவலை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் அப்பா பக்கத்தில் இருந்தே மறுத்துப் பேசுகிறார். அதனால் பருப்புப்பொடி பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

எல்லாம் நீ சொல்லிக்கொடுத்த சான்ட்விச் கதைதான். அப்பாவுக்குச் சர்க்கரை குறையாவிட்டால் அவ்வளவு தூரம் விமானத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், உன் பிரசவத்துக்கு நான் மட்டும் தனியாக வந்து நிற்பதா என்று பயந்துபோனேன். அன்றைக்கே கோதுமை ரொட்டி வாங்கி, நீ சொன்னபடி வெண்ணெய்க்குப் பதில் வடிகட்டிய தயிர் தடவி, வெள்ளரி, தக்காளி, கேரட் துருவல், மல்லிச் சட்னி எல்லாம் வைத்து, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் வாட்டினேன். அமுக்குவதற்கு மேலே தண்ணீர்ச் சொம்பை வைத்தேன், நன்றாகவே அமுங்கியது. அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். பக்கத்து வீட்டு மீனாம்பிகையிடம் போய்ப் பெருமையடித்துவிட்டும் வந்தேன்.

அடுத்த முறை ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட ஏறியிருக்கிறது. ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்க, உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பொழுது சாய சான்ட்விச்சு டாக்டர், பெறகு எப்பவும் போல சோறு" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன் சொல். நம் வீட்டில் சோறு விழாதவரை எதைத் தின்றாலும் அது பலகாரம்தானே. "பலகாரம் ஆச்சு, சோத்தை எப்பப் போடப்போறே" என்று மனுஷன் கேட்கும்போது, போடாமல் இருக்க எனக்கும் மனசு வரவில்லை. லேசாகச் சாப்பிடச் சொன்னதை நாங்கள் லேசாகக் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறோம். வீடு வரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன்.

இதைக் கேட்டு மீனாம்பிகை சிரி சிரி என்று சிரித்துவிட்டு, "அட, எலையில வச்சாத்தானக்கா அது சாப்பாடு" என்று தன் வீட்டு வாழையில் ஒரு நுனி இலை அறுத்துக் கொடுத்தாள். அன்று மூலையில் உப்பு வைத்து, வெள்ளரிப் பச்சடி வைத்து, சோறு விழ வேண்டிய இடத்தில் சான்ட்விச்சை வைத்தேன். அப்பா இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் தெளித்துச் சாப்பிட்டு, மோரும் குடித்தார். குடித்த கையோடு பழக்கதோஷத்தில் இலையைத் தன் பக்கமாக மடக்கிவிட்டார். மடக்கிய பிறகுதான் சோறு வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. "மடக்குன எலையில போடச் சொல்லவா முடியும்" என்று கை கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் அதே இலைச் சாப்பாடுதான். கல்லல் ஊர்க் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்.

நேற்று டாக்டர், சர்க்கரை இறங்கிவிட்டது, தாராளமாகப் போய்வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் அப்பா எனக்கு முன்னால் நடந்து போய் ஒரு கம்பளிச் சட்டை வாங்கி, அந்த மொட்டை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிய வீடுவரை வந்தார். கழற்றுங்கள் என்றால், "பேரப்பிள்ளையப் பாக்கப் போறேன், பழக வேணாமா" என்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது அகல்யா.

நீ பூவும் பொட்டுமாக, நல்லபடி பிள்ளை பெற்று, நூறு வயது நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே. அந்த ஊரில் வாழை இலை கிடைக்குமா என்று மாப்பிள்ளையை இப்போதே விசாரித்து வைக்கச் சொல். கிடைக்காவிட்டால் உன் அப்பா சான்ட்விச்சைத் தின்று முடித்துவிட்டு, பச்சை உடம்புக்காரி உன்னிடம் வந்து சோறு கேட்பார்.

உன் அம்மா,
நாகவல்லி