என் பெயரில் ஒரு டோக்கன்

7 ஜூலை 2025, திங்கள்
மன்னார்புரம் ஆபீசுக்குள் நுழைந்ததும் முதலாளி பீமராவ் சார் எழுந்து வந்தார். புத்தூர் கிளினிக்குக்காக நாங்கள் எழுதும் முன்பதிவு ஆப்பின் கோட் முழுவதையும் நேற்று மதியம் யாரோ, அதைச் சேமித்துவைத்திருக்கும் இணையக் களஞ்சியத்திலிருந்து அழித்துவிட்டார்கள். பதிவின்படி அழித்தது என் டோக்கன். நேற்று மதியம் நான் தோழி தஸ்லிமாவோடு சிங்காரத்தோப்பில் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன்!

உடனே டோக்கனை ரத்து செய்தேன். சாருக்கு விளக்கினேன்: "பாஸ்வேர்டு மாதிரிதாங்க சார். நாம இல்லாதப்ப ப்ரோகிராம் அதைக் காட்டி உள்ள போகும். யார் கையில இருந்தாலும் ஹஃப்ஸான்னுதான் பதிவாகும்."

"நீங்க செஞ்சிருக்க மாட்டீங்கம்மா. அது மார்ட்டின் கைக்கு எட்டுமா?"

பக்கத்து இருக்கை மார்ட்டின். ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸில் இருக்கிறான். ஒரே சர்வரில்தான் வேலை செய்கிறோம்; என் டோக்கனும் அதில்தான் இருந்தது.

"எட்டும் சார்" என்றேன். உண்மைதானே?

8 ஜூலை
என் லேப்டாப்பில் பிரதி இருந்தது. கோட் திரும்ப ஏறிவிட்டது. மார்ட்டினின் ரிலீவிங் லெட்டரை மட்டும் சார் நிறுத்திவைத்துவிட்டார். 21ஆம் தேதி அவன் சென்னையில் புது வேலையில் சேர வேண்டும்; அந்த லெட்டர் இல்லாமல் சேர முடியாது.

10 ஜூலை, வியாழன்
நான்தான்.

மார்ச்சில் ஒரு கூட்டத்தில் காட்டுவதற்காக ஒரு சின்ன ஸ்கிரிப்டை எல்லோரும் பார்க்கும்படி என் இணையப் பக்கத்தில் போட்டேன். அதற்குள் அந்த டோக்கன். அன்றைக்கே கவனித்து வரியை அழித்தேன். டோக்கனை ரத்து செய்யவில்லை. பழைய பதிப்பில் அந்த வரி இன்னும் இருக்கிறது. யாரோ ஊர் பேர் தெரியாதவன் எடுத்திருக்கிறான்.

அதுவும் எப்படிப்பட்ட டோக்கன்! காலாவதியே கிடையாது, எல்லா அனுமதியும் உண்டு. ஒரே களஞ்சியத்துக்கு, முப்பது நாளுக்கு என்று வாங்கியிருக்கலாம். என் பெயருக்குப் பதில் ஒரு ஆப்பைப் பதிவு செய்து அதன் பெயரில் டோக்கன் வாங்கியிருந்தால் ஒரு மணி நேரத்தில் தானாகவே செல்லாமல் போயிருக்கும். எல்லா வழியும் டோக்கன் வாங்கும் பக்கத்திலேயே இருந்தது. எனக்கு அன்னிக்கு பஸ்ஸைப் புடிக்கணும்.

11 ஜூலை
சொல்லவில்லை.

12 ஜூலை, சனி
"என்னம்மா, சோத்துல கோலம் போட்டுக்கிட்டிருக்கே?" — அத்தா.
"ஒன்னுமில்லத்தா"ன்னு சொன்னேன். ஒன்னுமில்லையா? சொன்னா வேலை போயிரும். சொல்லலைன்னா அவனுக்குப் போயிரும் — இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆனாலும் யோசிக்கிறேன்.

14 ஜூலை, திங்கள்
சொல்லிவிட்டேன். மார்ட்டினும் அறையில் இருந்தான். வேண்டுமென்றேதான் அவனையும் கூப்பிட்டேன்.
சார் என் பக்கம் திரும்பினார். பிறகு, "எப்ப தெரிஞ்சுது?"
"வியாழக்கிழமை சார்."
"நாலு நாளா?"
மார்ட்டின் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜை மேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

16 ஜூலை
வேலை போகவில்லை. கிளினிக் ஆப் என் கையை விட்டுப் போய்விட்டது. பழைய டோக்கன்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு மணி நேர டோக்கனுக்கு மாற்றும் வேலை எனக்கு. மொத்தம் பதினேழு ஸ்கிரிப்ட்.

18 ஜூலை, வெள்ளி
மார்ட்டினுக்கு லெட்டர் கிடைத்தது. எல்லோர் முன்னாலும் சார், "தப்பா நெனச்சுட்டேன்ப்பா" என்றார். கேக் வெட்டினார்கள். ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டு கடைசியில் என் மேஜைக்கு வந்தான். மூன்று வருடமாக ‘வா, போ’ என்று பேசியவன்.

"போயிட்டு வரேங்க" என்றான்.

"சரிங்க" என்றேன்.