உட்கார்ந்த பலகை

குல்சும்,

நேற்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். நானும் பேத்தி சாதியாவும் மானாம்பதி மரக்கடைக்குப் போகிறோம். மதியத்துக்குள் வந்துவிடுவோம். கடைச் சாவி ஆணியில் தொங்குகிறது. ஜமீர் வந்தால் கொடு, தன் மகளைத் தேடினால் என்னோடு இருக்கிறாள் என்று சொல். மீன் கழுவி வைத்திருக்கிறேன், உப்புப் போடவில்லை.

தலையணை மேல் குர்ஆனை வைத்து நீ ஓதுவதைப் பார்த்துத்தான், நோன்புக்கு முன் குர்ஆனை விரித்து வைக்க ஒரு ரேஹல் செய்யலாம் என்றாள் சாதியா. ஆணியே இல்லாமல், ஒரே பலகையை இரு முனையிலிருந்தும் பிளந்து, நடுவில் மடங்கும்படி செதுக்கினோம். நன்றாகவே வந்தது. காய் நறுக்க நீ உட்காரும் மணையை அறுத்ததுதான் தப்பு. எனக்கு அது நல்ல பலா மரமாக மட்டும் தெரிந்தது. "நான் குந்துற பலகை மேல குர்ஆனை வைக்கச் சொல்றீங்களா?" என்று நீ கேட்ட பிறகுதான் உறைத்தது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கலாம் என்றேனே, வேண்டாம். அவர் சரி என்றாலும் உன் மனசு ஒப்பாது. புதுப் பலகையில் இன்னொன்று செய்கிறோம். கை பழகிவிட்டது, இது இன்னும் சுத்தமாக வரும்.

காதர்

பழைய ரேஹலில் சாதியா தன் கணக்குப் புத்தகத்தை வைத்திருக்கிறாள். எடுத்துவிடாதே.

இன்னொன்று. வாங்கும் பலகையில் முதலில் உனக்கு மணைதான் செய்ய வேண்டுமாம். "நன்னா, ஆயா வெறுந்தரையில குந்திக்கினு நறுக்குது, முட்டி நோவும்" என்கிறாள். காலையில் நானும்தான் பார்த்தேன். நீ கோபமாக இருப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.