விதைக்கூடத்தின் மேற்கு மூலையில் ஒரு தையல் மேசைக்கு இடம் கேட்டு

அனுப்புநர்
மூட்டை வாய் தைக்கும் தொழிலாளி
(தற்போது வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருப்பவள்),
தகரக் கொட்டகை,
அரசு விதைக் கிடங்கு வளாகம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
விதைச் சேமிப்புத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: புதிய துணிக்கூரைக் கூடத்தின் நன்மைகள் குறித்துத் தாங்கள் ஆற்றிய உரை – அந்நன்மைகளில் ஒரு மூலையளவு தொழிலாளர்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டுதல் – கர்ப்பிணியான என் அண்ணியை மீண்டும் தகரக் கொட்டகைக்கு அனுப்பாதிருக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு எங்கள் வளாகத்தில் புதிய விதைக்கூடத்தைத் தாங்கள் திறந்து வைத்தீர்கள். இரும்பு வளைவுகளை நிறுத்தி, அவற்றின்மேல் கெட்டியான வெள்ளைத் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டிய கூடம் அது. அன்று தாங்கள் பேசியதைக் கடைசி வரிசையில் நின்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. நாற்காலி போதவில்லை என்பதால் நின்றோம். அது குறித்துப் புகார் இல்லை.

2. தாங்கள் சொன்ன நன்மைகள் எனக்கு இன்றும் மனப்பாடம். கல்லும் காரையும் வைத்துக் கட்டினால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை, இதில் சில வாரங்களில் முடிந்தது. நடுவில் தூண் இல்லாததால் மூட்டை தூக்கும் வண்டி தடையின்றித் திரும்பும். துணி வழியே பகல் வெளிச்சம் இறங்குவதால் விளக்கு வேண்டாம். வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இருக்கும் சூடும் உயரத்துக்கு ஏறி, உச்சியில் உள்ள காற்றுப்போக்கி வழியே வெளியேறிவிடும். துருப்பிடித்த தகரம்போல் ஒழுகாது. நாளை வேறிடத்தில் தேவைப்பட்டால் கழற்றிக் கொண்டுபோய் மாட்டலாம்.

3. இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதற்கு நானே சாட்சி. திறப்பு விழாவுக்கு முன் அந்தக் கூடத்தைக் கழுவித் துடைத்தவர்கள் நாங்கள்தான். நண்பகலில் தரையைத் தேய்த்தபோதும் எங்களுக்கு மூச்சு வாங்கவில்லை. பெருமழை அடித்த அன்று உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. எங்களில் ஒருத்தி, "இங்கேயே குடித்தனம் வந்துடலாம் போல இருக்கே" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அந்தக் கூடத்தின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இந்த வளாகத்தில் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்வது அது ஒன்றுதான்.

4. நாங்கள் வேலை செய்யும் இடம் அதற்கு எதிரே உள்ள தகரக் கொட்டகை. விதையைப் புடைத்து, நிறுத்து, மூட்டையில் கொட்டி, வாய் தைத்து, தள்ளுவண்டியில் ஏற்றிக் கூடத்தின் வாசலில் விடுவது எங்கள் வேலை. வெயில் ஏறியபின் தையல் எந்திரத்தின் கைப்பிடியில் ஈரத்துணி சுற்றாமல் கை வைக்க முடியாது. தலைக்குமேல் தகரம் படபடவென்று வெடிக்கும். சணல் தூசி கழுத்து வேர்வையில் ஒட்டி மாவாகிவிடும். இதே கைகள் தைத்த மூட்டைகள் சாலையைத் தாண்டியதும் குளிர்ச்சியாகப் படுத்துக்கொள்கின்றன. யானை வாங்கக் காசு இருந்ததாம், அங்குசம் வாங்க இல்லையாம்.

5. கூடத்துக்குள் இரண்டு வெப்பமானிகள் தொங்குகின்றன. காலையிலும் மாலையிலும் கிடங்குப் பொறுப்பாளர் தாமே வந்து பார்ப்பார். அளவு சற்று ஏறினாலும் விசிறிகளைப் போடச் சொல்வார். எங்கள் கொட்டகைக்கும் ஒரு வெப்பமானி வேண்டும் என்று கேட்டேன். "அங்க அளக்கறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை ஐயா. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

6. கூடம் கட்டும்போதே மேற்கு மூலையில் தையல் மேசைகளுக்கென இடம் விடப்பட்டது. மேசைகளின் மின்இணைப்புக்காகத் தரையில் குழாய்கூடப் பதித்திருக்கிறார்கள். பொறியாளரே எங்களை அழைத்துக் காட்டினார். ஆனால் திறப்பு விழா முடிந்த மறுவாரமே வாசலில் "சரக்கு மட்டும்" என்று பலகை மாட்டப்பட்டது. தாங்கள் அனுமதித்த இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்த மேற்கு மூலையில் இப்போது பொறுப்பாளரின் கார் நிற்கிறது. வெயிலில் நின்றால் சாயம் வெளுத்துவிடுமாம். அது சரக்கா, ஆளா என்று வாசலில் யாரும் கேட்பதில்லை.

7. இனி நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணியும் என்னோடு மூட்டை தைப்பவர். ஆறு மாதக் கர்ப்பிணி. லாரி ஓட்டும் என் அண்ணனுக்கு லோடு கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. என்னையும் நிறுத்தி வைத்துவிட்டதால், இனி அண்ணியின் கூலியில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். சென்ற வாரம் ஒரு நண்பகலில், தைத்துக்கொண்டிருந்த மூட்டையின் மேலேயே அண்ணி சரிந்து விழுந்தார். உதடு வெளுத்துவிட்டது. முகத்தில் தெளிக்கக் குடத்தைத் தொட்டால், அந்தத் தண்ணீரும் சூடாக இருந்தது.

8. மூன்று பேர் அவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கூடத்து வாசலுக்குக் கொண்டு ஓடினோம். காவலாளி பலகையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "ஆளை உள்ள விட்டா என் வேலை போயிடும்க்கா" என்றார். பிறகு அவரே குரலைத் தாழ்த்தி, "சாக்கு போட்டு மூடுங்க. சரக்குன்னா நான் தடுக்க முடியாதுல்ல" என்றார். மூடினோம். ஆளைச் சரக்கு என்று பொய் சொல்லித்தான் உள்ளே கொண்டுபோனோம். இதை நான் மறுக்கவில்லை. மறுபடி நேர்ந்தால் மறுபடியும் சொல்வேன்.

9. மேற்கு மூலையில், காருக்குப் பக்கத்தில் கிடந்த பலகையில் படுக்க வைத்துச் சாக்கை விலக்கினோம். கொஞ்ச நேரத்தில் அண்ணி கண் திறந்தார். அந்த வெள்ளைக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "மழை வரப்போகுதா? இவ்வளவு குளுகுளுன்னு இருக்கே" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தாங்கள் மேடையில் சொன்ன நன்மைகள் எல்லாவற்றையும்விட, அந்த ஒரு கேள்வி அந்தக் கூடத்துக்குக் கொடுத்த சான்றிதழ் பெரியது.

10. அப்போது பொறுப்பாளர் வந்தார். அண்ணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "வேர்வையோட இங்க வந்து படுத்தா ஈரம் பரவாதா? விதைக்குள்ள உயிர் இருக்கும்மா. சூடும் ஈரமும் பட்டா செத்துடும். உங்களுக்கு எங்க அது புரியப்போகுது" என்றார். வண்டி தள்ளிய மூன்று பேரும் அன்றே நிறுத்தி வைக்கப்பட்டோம். காவலாளியைக் குப்பை மேட்டுப் பக்கக் கதவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நிழலுக்குத் தகரம்கூட இல்லை.

11. அரசு மருத்துவமனையின் மருத்துவர் அண்ணியைப் பரிசோதித்து, இனி இத்தகைய வெக்கையில் வேலை செய்தால் குழந்தை தங்காது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டைப் பொறுப்பாளரிடம் காட்டினோம். கொட்டகையில் உட்கார சம்மதம் என்றால் திங்கட்கிழமை வரலாம், இல்லையென்றால் பெயரை நீக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அண்ணி திங்கட்கிழமை போவதென்று முடிவு செய்துவிட்டார். "மூணு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடறேன்" என்கிறார். பல்லைக் கடித்துக்கொள்ள அண்ணியால் முடியும். உள்ளே இருப்பதற்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.

12. ஆகவே திங்கட்கிழமைக்குள் தாங்கள் கருணை கூர்ந்து செய்ய வேண்டியது இது ஒன்றுதான்: பொறுப்பாளரின் காரை வெயிலுக்கு அனுப்பிவிட்டு, மேற்கு மூலையில் தையல் மேசைகளைப் போட உத்தரவிட வேண்டும். புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். குழாய் தரையிலேயே இருக்கிறது. கூரை தலைக்குமேல் இருக்கிறது. ஈரம் பரவும் என்ற அச்சத்துக்கு என்னால் ஒரு பதில்தான் சொல்ல முடியும்: அங்கே உட்கார்ந்தால் எங்களுக்கு வேர்க்காது. என்னை நிறுத்தி வைத்ததைப் பற்றியும், காவலாளியை மாற்றியதைப் பற்றியும் தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது விசாரித்தால் போதும். அண்ணியின் காரியம் காத்திருக்காது.

13. ஆட்களை உள்ளே விட விதியில் இடமே இல்லை என்று கோப்பு திரும்பி வருமானால், வேறொரு வழியையும் பணிவுடன் முன்வைக்கிறேன். உள்ளே உயிர் இருக்கிறது, சூடு பட்டால் செத்துவிடும் என்பதற்காகத்தான் விதைக்கு அந்தக் கூடம் என்று பொறுப்பாளரே சொல்லியிருக்கிறார். என் அண்ணிக்கும் அந்த இரண்டும் பொருந்தும். ஆகையால் அவரை ஆளாகக் கருத வேண்டாம். பிரசவம் ஆகும்வரை ஒரு மூட்டையாகவே உள்ளே எடுத்துக்கொள்ள உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,

(கையொப்பம்)
மூட்டை வாய் தைப்பவள்

இடம்: தகரக் கொட்டகை
நாள்: வெள்ளிக்கிழமை, நண்பகல்
கூடத்தின் வெப்பநிலை: முப்பது
கொட்டகையின் வெப்பநிலை: அளக்கப்படவில்லை

இணைப்பு: மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு.