ரெண்டு பேர் தண்ணி

காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டி என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த என் அன்பு மதினிக்கு,

இப்போது யாரும் தட்டுவதில்லை. ஆனாலும் ஐந்தரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அப்புறம் எழுந்து ஒரு ஆளுக்குக் காபி போட்டுக் குடித்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்குப் போவேன். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து "ஏட்டி மெதுவாப் போ, மெதுவாப் போ" என்று உயிரை வாங்க ஆள் இல்லை. அதனால் மெதுவாகத்தான் போகிறேன்.

இதை நம் வலைப்பூவிலேயே போடுகிறேன். வேறு எங்கே அனுப்ப? வாசிக்கிறவர்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டியிருக்கிறது. நேராக அவர்களிடம் சொன்னால் சண்டைக்குப் போவதுபோல் ஆகிவிடும், என் வாய் உங்களுக்குத் தெரியும். உங்களிடம் சொல்கிறேன், அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு நீங்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோமதி மதினி என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் பட்டாளத்தில். நான் சிவகிரிக்கு வாழப்போய், ஏழு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒற்றைப் பெட்டியோடு தென்காசிக்குத் திரும்பி வந்தவள். தெருவே என்னை விசாரித்தது. நீங்கள் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் விடியக் கதவைத் தட்டி, "ஏட்டி இசக்கி, அழுது முடிச்சாச்சுன்னா எந்திரி. அருவியில போயி நிப்போம்" என்றீர்கள். முடிக்கவில்லை என்று சொல்லவா முடியும்?

அன்றைக்குப் பேரருவியில் ஆண்கள் பக்கம் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. பெண்கள் பக்கம் நூல் நூலாக வழிந்தது. பேப்பரில் வந்த செய்தியை நம்பி வேனில் வந்திருந்த முப்பது பெண்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு போனார்கள். நீங்கள் ஈரத்தலையோடு பொரிந்து தள்ளினீர்கள். "தண்ணி விழுது தண்ணி விழுதுன்னு எழுதுதானுவ. யாருக்கு விழுதுன்னு ஒருத்தனாவது எழுதுதானா?" அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'இன்னைக்குக் குளிக்கலாமா'. பெண்கள் பக்கத்தை மட்டும் எழுதும் வலைப்பூ. என் போனில், ஒற்றை விரலால், நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

முதல் சீசன் முழுக்க நமக்கு மூன்று வாசகர்கள். நீங்கள், நான், பனிமலையில் காவல் நின்ற அண்ணன். அவனும் தினமும் 'நன்று' என்று ஒரே சொல்லைத்தான் எழுதினான். குளிக்கவா போகிறான் அவன்?

நீங்கள் கண்டுபிடித்த அளவு ஒன்று உண்டே, அதுதான் நம்மைத் தூக்கி நிறுத்தியது. அதிகம், சுமார், குறைவு என்றெல்லாம் எழுதக் கூடாது என்றுவிட்டீர்கள். பெண்கள் பக்கம் ஒரே நேரத்தில் எத்தனை தலை நனையும்? அந்த எண்ணிக்கைதான் கணக்கு. நாம் இரண்டு பேரும் உள்ளே இறங்குவோம். "நீ இங்கன வா தாயி, ஏட்டி நீ அங்கன தள்ளி நில்லு" என்று முன்பின் தெரியாத பெண்களையெல்லாம் பிடித்து இழுத்து, இனி ஒரு ஆளுக்கு இடமில்லை என்கிறவரை நெருக்கி நிறுத்துவீர்கள். நான் மற்றவர்களை மட்டும் எண்ணுவேன். வெளியே வந்து துவட்டிக்கொண்டு அதை நோட்டில் எழுதுவேன். போனில் ஏற்றும்போது நம் இரண்டு பேரையும் சேர்த்துப் போடுவேன். ஆறு என்று நோட்டில் இருந்தால், 'இன்று பேரருவியில் எட்டுப் பேர் தண்ணி'.

சாத்தூர், விருதுநகர், மதுரை என்று எங்கெங்கோ இருந்து பெண்கள் அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினார்கள். உடை மாற்றும் அறை திறந்திருக்கிறதா, எந்த லாட்ஜில் குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். நாம் லாட்ஜ் லாட்ஜாகப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பார்த்தோம். ஒரு லாட்ஜ்காரர் வீட்டுக்கே வந்து குதித்தாரே, நினைவிருக்கிறதா?

"எங்க லாட்ஜ்ல தாழ்ப்பாள் இல்லன்னு எழுதிருக்கியளாமே?"

"இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல... அது வந்து..."

"அப்ப போடுங்க. போட்ட அன்னைக்கே எழுதுதேன்."

போட்டார். நமக்கு முதல் விளம்பரம் கொடுத்தவரும் அவர்தான். அதற்கப்புறம் உங்கள் தையல் மிஷினில் குளியல் பை தைக்க ஆரம்பித்தீர்கள். நனைந்தாலும் உடம்பு தெரியாத கருநீல நைட்டி, ஒரு துண்டு, ஈரத்துணி வைக்க ரெக்ஸின் உறை. அப்புறம் பெண்கள் மட்டும் வரும் வேன். அண்ணன் லீவில் வந்தபோது கூடத்தில் பார்சல் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏ யப்பா, குடும்பமா நடத்துதிய, கம்பெனியா?" என்று கேட்டான். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

போன ஐப்பசியில் போய்விட்டீர்கள். வலிக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து இரண்டு மாதம்தான். சீசன் முடிகிறவரை வலியை என்னிடம் மறைத்திருக்கிறீர்கள். அதற்கு உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த ஆனியில் சாரல் விழுந்ததும் போன் அடிக்க ஆரம்பித்தது. வேறு வழியில்லை, போனேன். ஆனால் உள்ளே இறங்கவில்லை மதினி. குழாய்க் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றே எண்ணினேன். அருவிக்குத் தனியாகக் குளிக்கப் போகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. பையைப் பிடிக்க ஒருத்தி வேண்டும், வழுக்கினால் கையைப் பிடிக்க ஒருத்தி வேண்டும், உடை மாற்றும்போது கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுக்க ஒருத்தி வேண்டும். எல்லாமாக நீங்கள் ஒருத்தி இருந்தீர்கள். இப்போது யாரைக் கூப்பிட? பக்கத்து வீட்டுக்காரியையா? அவள் இன்னும் என் சிவகிரிக் கதையைக் கேட்டு முடிக்கவில்லை.

ஒரு வாசகி எழுதியிருந்தார், 'பதினொன்று என்று போட்டிருந்தீர்கள், நின்று பார்த்தோம், ஒன்பது பேருக்கே நெருக்கமாக இருந்தது' என்று. 'சாப்பாட்டைக் குறைத்தால் பதினொரு பேர் நிற்கலாம்' என்று பதில் போட்டுவிட்டேன். திட்டாதீர்கள்.

இதற்கிடையில் சென்னையிலிருந்து ஒரு சுற்றுலாக் கம்பெனி. வலைப்பூவை, பெயரை, பை வியாபாரத்தை எல்லாம் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்களாம். அருவிக்கு எதிரே ஒரு கடை மாடியில் கேமரா வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதுவார்களாம். அண்ணனிடம் போனில் சொன்னேன். "ஒத்தையில கெடந்து எதுக்குட்டி அல்லாடுத? குடுத்துரு. சவத்த விட்டுத் தள்ளு" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வலைப்பூவைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு உங்கள் முகம் தெரிகிறது. எனக்கும் அதேதான். அதனால்தான் என்னால் கொடுக்க முடியவில்லை. இதையும் கொடுத்துவிட்டால் காலையில் எதற்காக எழுவேன்?

போன வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. ஆவணிக் கடைசி, மழை ஓய்ந்து ஒரு வாரம். பேரருவியில் பெண்கள் பக்கம் ஒரு ஆள்கூட இல்லை, பாறை காய்ந்து கிடந்தது. நோட்டில் பூஜ்யச் சுழி போட்டேன். டீக்கடையில் உட்கார்ந்து போனை எடுத்தபோது கம்பெனிக்காரத் தம்பி கூப்பிட்டார். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அவரிடம் பெரிய வாய் பேசினேன். "கேமராவுக்கு என்ன தம்பி தெரியும்? நாங்க கண்ணால பாத்து எழுதுதோம். ஒரு தலை கூடுதலா எழுதினது கெடையாது." பேசிக்கொண்டே விரலால் தட்டி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பை தைக்க உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்.

"அக்கா, நீங்க போட்டதப் பாத்துட்டுத்தான் அம்மாவக் கூட்டிட்டு வந்தேன். இங்க சொட்டுத் தண்ணி இல்லியே அக்கா."

"நான் என்ன போட்டேன்?" என்று எகிறினேன். "இல்லன்னுதானே போட்டேன்?"

"ரெண்டு பேர் தண்ணின்னு போட்டிருக்கீங்க. நானும் அம்மாவும் ரெண்டு பேருதானே, போதும்னு வந்தோம்."

வலைப்பூவைத் திறந்து பார்த்தேன். 'இன்று பேரருவியில் ரெண்டு பேர் தண்ணி.' நோட்டைப் பார்த்தேன். சுழி. முந்தின நாள் நோட்டில் ஒன்று, வலைப்பூவில் மூன்று. அதற்கு முந்தின நாள் நான்கு, ஆறு. ஆனி வரை புரட்டினேன். ஒரு நாள் தவறாமல் இரண்டு கூட்டியிருக்கிறேன் மதினி. சீசன் முழுக்க, நீங்களும் நானும் உள்ளே நிற்பதாகவே எழுதியிருக்கிறேன். நீங்கள் இல்லை. நானும் வெளியே நின்றேன். இல்லாத இரண்டு பேரை நம்பி ஒரு தாயும் மகளும் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அந்த அம்மா படியில் உட்கார்ந்திருந்தது. நம் கருநீல நைட்டியைப் போட்டுத் தயாராக, மடியில் துண்டு. ஆயுசில் முதல் தடவை குற்றாலத்துக்கு வந்திருக்கிறதாம். மகளுக்கு அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. திட்டினால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும். "பரவாயில்ல தாயி. பாறையாவது பாத்தேன்" என்றது. எனக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது.

ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெண்கள் பக்கம் ஒரு கிளையில் கொஞ்சம் விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. பாசியில் நிற்க ஒரு பக்கம் மகள் பிடித்தால் போதாது. மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு மாற்றுத்துணி இல்லை, துண்டு இல்லை. போனையும் சாவியையும் உடை மாற்றும் அறைக்கு டிக்கெட் கொடுக்கிறவரிடம் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு இறங்கினேன்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் வாய்விட்டு அழுதேன். அருவிக்குள் அழுதால் யாருக்குக் கேட்கும்? அந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. என் கையை விடாமல் காதருகே வந்து கேட்டது.

"ஒனக்குக் கூட வர ஆள் இல்லியா தாயி?"

பத்து மாதமாக எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான். மதினி ஊருக்குப் போயிருக்காங்க, பின்னால வாராங்க, அண்ணன் வாரான் என்று என்னவெல்லாமோ சொல்லித் தப்பித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன்.

"இல்லம்மா. இருந்தாவ. எறந்துட்டாவ."

அந்த அம்மா என்னைத் தண்ணீருக்கு நடுவில் இழுத்து நிறுத்திவிட்டுத் தான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டது.

ஈரச்சேலையோடு அங்கேயே நின்று எழுதினேன். 'ஐந்தருவி, பெண்கள் பக்கம், மூன்று பேர் தண்ணி. பேரருவியில் இல்லை. காலையில் போட்டது தப்பு.' வீட்டுக்கு வந்து, ஆனியிலிருந்து போட்ட எல்லா நாளையும் திறந்து இரண்டிரண்டாகக் குறைத்தேன். ஒவ்வொரு நாளாக உங்களை வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது. முடிக்க இரண்டு நாள் ஆனது. வாசகர்களே, இந்த வருஷம் நான் சொன்னதை நம்பி நெருக்கத்தில் நின்ற எல்லோரும் மன்னித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னதற்கும் சேர்த்து.

கம்பெனிக்காரத் தம்பியிடம் பெயரைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு தலைகூடக் கூட்டியதில்லை என்று நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவர், "எங்க அம்மா இப்ப வந்தா தண்ணி இருக்குமா மேடம்?" என்று கேட்டார். இருக்காது, ஐப்பசி மழைக்கு வரச்சொல்லுங்கள் என்றேன். அண்ணனிடமும் சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான். மறுநாள் வலைப்பூவில் 'நன்று' என்று ஒரு சொல் கிடந்தது.

வீடு அப்படியேதான் இருக்கிறது மதினி. நாள் முழுக்க மிஷின் சத்தம் மட்டும்தான். சில நாள் சாயங்காலம்வரை யாரோடும் பேசாமல், போனில் யாராவது கூப்பிடும்போது குரல் கட்டியிருக்கிறது. இதெல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளையிலிருந்து உள்ளே இறங்கித்தான் எண்ணுவேன். பையைப் பிடிக்கச் சொல்லி, கையைப் பிடிக்கச் சொல்லி, பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது கேட்பேன். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, பழகிக்கொள்கிறேன். மற்றவர்களை எண்ணிவிட்டு என்னை ஒன்று என்று சேர்த்துக்கொள்வேன். உங்களைச் சேர்க்க மாட்டேன் மதினி. நீங்கள் நின்ற இடத்தில் ஒரு ஆளுக்குத் தண்ணீர் விழுகிறது. தூரத்திலிருந்து வருகிற யாராவது ஒருத்தி அங்கே நின்றுகொள்ளட்டும்.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாத்தனார்,
இசக்கி