ஸ்டியரிங்கில் இரண்டு முடிச்சு

நீ ஸ்டியரிங்கில் கட்டிவிட்டுப் போன சிவப்புத் துணிக்கு உன் வீட்டில் குங்குமம் வைத்திருக்கிறார்கள். இன்று காலை ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். நடுவில் பெரிய பொட்டு. பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து, உட்காரும் இடமெல்லாம் பொடியாக உதிர்ந்து கிடந்தது. கும்பிட்டிருக்கிறார்கள், மாப்ள. எந்தத் துணியைப் பார்த்தால் சாவியைத் தொடக்கூடாது என்று நாம் வைத்திருந்தோமோ, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உன் மகள் வண்டியை எடுத்திருக்கிறாள்.

"அப்பா ஆண்டாள் கோவில்லருந்து கொண்டாந்து கட்டினதுன்னு அம்மா சொன்னாங்க மாமா. நேத்து தெருவுக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வந்தேன். சூப்பரா ஓடுது" என்றாள்.

சாவியை அவள் கையிலிருந்து வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். துணியை விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு முடிச்சு இருந்தது.

பேண்டேஜ் துணி வியாபாரியான உனக்கும் கணக்கு வாத்தியாரான எனக்கும் இந்தக் காரோடு என்ன வேலை என்று ராஜபாளையமே கேட்டது. மில் வீட்டுக் குடோனில் பஞ்சுத் தூசிக்கு அடியில் கிடந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை நீதான் கண்டுபிடித்தாய். பச்சை நிறம், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். உன் தெருப் பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். மெக்கானிக்கிடம் விடலாம் என்று நான் சொன்னபோது, "நம்ம கைய வச்சு நாமளே கெடுப்போம்லே, அடுத்தவன் எதுக்குக் கெடுக்கணும்" என்றாய். கெடுத்தோம். செல்போனில் யாரோ வெள்ளைக்காரன் செய்து காட்டுவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கார்புரேட்டரை நாலு தடவை பிரித்து, நாலு தடவையும் ஒரு திருகாணி மிச்சம் வைத்து மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு உன் ஷெட்டுக்கு ஓடி வருவேன். என் வீட்டுக்காரி உன்னைச் சக்களத்தி என்றே சொல்லுவாள்.

துணி கட்டும் பழக்கம் எப்படி வந்தது என்று உன் மகளுக்குத் தெரியாது. நீ ஒருநாள் இடது முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டி, நட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஸ்பேனரை வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாய். அந்த நேரம் பார்த்து நான் வந்தேன். வேலை முடிந்தது என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு மம்சாபுரம் ரோட்டில் போய்விட்டேன். முதலில் டக் டக் என்று ஒரு சத்தம். பிறகு ஸ்டியரிங் என் கைக்குள் தானாக ஆட ஆரம்பித்தது. கண்மாய்க் கரையில் சக்கரம் சாய்ந்து வண்டி நின்றபோது, என் பக்கத்துக் கதவைத் திறந்தால் கீழே தண்ணீர்தான். நீ பைக்கில் வந்தாய். தண்ணீரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

பண்டல் கட்டுகிற சிவப்புத் துணியில் ஒரு முழம் கிழித்து மறுநாள் கொண்டுவந்தாய். "இனிமே வேலை பாதியில நின்னா ஸ்டியரிங்ல இது இருக்கும். ஒரு வேலைக்கு ஒரு முடிச்சு. கட்டினவந்தான் அவுக்கணும். நான் கட்டினத நீ அவுத்தேன்னா கைய முறிச்சுருவேன்" என்றாய்.

"என்ன வேலைன்னு சொல்லியாவது வையிலே" என்றேன்.

"எதுக்கு? நாந்தானலே வந்து முடிக்கப் போறேன்."

அந்தப் பதிலை இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபம் கோபமாக வருகிறது உன் மேல்.

நீ போன அன்று நான் தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். மத்தியானம் ஷெட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "காப்பியப் போடு, குடிச்சிட்டு முடிச்சிருதேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயாம். காப்பி ஆறியது. அதற்குப் பிறகு அந்த ஷெட் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. இப்போது வருஷம் முடிந்து, துக்கம் கழிந்து, உன் வீட்டில் மறுபடியும் கோவிலுக்குப் போகலாம் என்று ஆகியிருக்கிறது. அம்மாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, அப்பாவின் காரிலேயே ஆண்டாள் கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று உன் மகளுக்கு ஆசை. நாளைக் காலையில் புறப்பாடு. லாரியும் பஸ்ஸும் அடைத்துக்கொண்டு போகிற அந்த ரோட்டில்.

துணியின் கதையைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் உன் மகள் அல்லவா, உடனே வாதத்துக்கு வந்தாள். போன வாரம் மெக்கானிக் வந்து ஆயில் மாற்றி, பேட்டரி மாட்டி, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டாராம். நான் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். பிரேக் ஆயில் வாடையும் பழைய கிரீஸ் வாடையும் முகத்தில் அடித்தது. நீ எனக்குப் பக்கத்தில் படுத்து, டார்ச்சை என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு திட்டுகிற மாதிரியே இருந்தது.

பிரேக் குழாய்களைப் பார்த்தேன். பெட்ரோல் குழாயைப் பார்த்தேன். வலது பக்கம் முடிந்து இடது பக்கம் வந்தபோது கண்டுபிடித்தேன். ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் இடத்தில் புது நட்டு. அது கழன்றுவிடாமல் குறுக்கே செருகி வளைத்துவிட வேண்டிய பின் இல்லை. வெறும் ஓட்டைதான் இருந்தது. நட்டைத் தொட்டேன், விரலுக்கே சுற்றியது. நேற்று அவள் போன ஒரு சுற்றில் எவ்வளவு கழன்றதோ. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்ப, சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போயிருக்கும். மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. தேடிப் பார்க்கிற கண்ணுக்குத்தான் அது தெரியும்.

வெளியே வந்து, பின் ஒன்று வேண்டும் என்றேன். எப்படி இருக்கும் என்று உன் மனைவி கேட்டாள். ரெண்டு காலும் சேர்ந்த ஊசி மாதிரி, சுண்டு விரல் நீளம் என்று காட்டினேன். பூஜை அறைக்குப் போய், உன் மூக்குக் கண்ணாடியும் மோதிரமும் வைத்திருக்கிற டப்பாவை எடுத்து வந்தாள்.

"இதுவாண்ணே? ஆஸ்பத்திரியில அவிய சட்டையக் கழட்டிக் குடுத்தப்போ பையில கெடந்துச்சு. என்னன்னு தெரியல. தூக்கிப் போட மனசு வரல" என்றாள்.

புதுப் பின். வளைக்காத கால்கள். வாங்கிக்கொண்டு மறுபடியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அழுததை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. நட்டை முறுக்கி, பின்னைச் செருகி, காலை வளைத்துவிட்டேன். பிறகு எழுந்துபோய், உன் பேச்சை மீறி ஒரு முடிச்சை அவிழ்த்தேன்.

மற்றது அப்படியே இருக்கிறது. சாயங்காலம் வரை தேடினேன். நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டினேன். கிளட்ச், ஹேண்ட் பிரேக், லைட் வயர், கதவுத் தாழ்ப்பாள் வரை பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ரெண்டாவது முடிச்சு உன் நெஞ்சுவலிக்காக நீ போட்டது என்று சொல்லிக் கண் கலங்க யாராவது வருவார்கள். நீ அப்படிப்பட்ட ஆள் இல்லை. உனக்கு முடிச்சு என்றால் நட்டு, போல்ட்டு. அது இந்த வண்டிக்குள்தான் எங்கேயோ இருக்கிறது.

"ஒண்ணுதான் கெடச்சிருச்சுல்ல மாமா. அப்பா மறந்துபோய் ரெண்டா கட்டியிருப்பாரு. சாவியக் குடுங்க" என்றாள் உன் மகள். முடியாது என்று தலையை ஆட்டினேன். "பீரோவுல இன்னொரு சாவி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இருந்த ரோட்டரை உருவி எடுத்தேன். அது இல்லாமல் எந்தச் சாவி போட்டாலும் என்ஜின் பிடிக்காது. அப்புறம் அந்தத் துணியில், உன் முடிச்சுக்குப் பக்கத்தில், என் முடிச்சு ஒன்றைப் போட்டேன். அவள் வந்து நின்று பார்க்கத்தான் போட்டேன். "இது எதுக்குன்னு கேட்டுக்கோ. ரோட்டர் என்கிட்ட இருக்கு. நான் வந்து மாட்டுனாத்தான் வண்டி" என்று வாய்விட்டுச் சொன்னேன். உன்னை மாதிரி சொல்லாமல் போகிற ஆள் நான் இல்லை. அவள் அழுதாள். நாளைக்கு அம்மாவும் மகளும் ஆட்டோவில் கோவிலுக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் அடியில் போய்ப் படுப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்து, மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரோட்டர் என் சட்டையின் இடது பையில் இருக்கிறது. நெல்லிக்காய் அளவுதான் இருக்கும், எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மாடிப்படி ஏறும்போது அந்தப் பக்கம் கனத்தது, மாப்ள. பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறினேன்.