நெடி வராத மிளகாய்

கிணத்துக்கடவு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தமிழ்ச்செல்வனுக்கு அப்பா ஐயாசாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் உன் அறைத் தோழன் ரவிக்குமாரிடம் கொடுத்துவிடுகிறேன்.

தென்னந்தோப்பில் வேர்வாடல் நோய் வந்துவிட்டது. வாய்க்காலோர மரத்தில் குலைகுலையாகக் காய். அதற்கும் விவசாய அதிகாரி, நோய் உள்ளே இருக்கிறது, வெட்டிவிடு என்று சிவப்புப் பெயிண்டில் குறி போட்டுவிட்டுப் போனார். வெட்டியவன் நான்தான். இளநீர் தித்திப்பாகத்தான் இருந்தது. அது கிடக்கட்டும்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது பள்ளிக்கூடத்தில் ஏதோ ஆராய்ச்சிக்கென்று ரத்தம் எடுத்தார்களே, நோயில்லாதவர்கள்தான் வேண்டும் என்று? பக்கத்து வீட்டுச் செவ்வந்தி, "ஏனுங்க, நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்குங்க ஊசி? நோவு இல்லாட்டி நீங்களே குடுத்துட்டுப் போவீங்களாக்கும்?" என்று கேட்க, ஊரே சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினாய்.

போன வாரம், அன்று ரத்தம் எடுத்த டாக்டரம்மா ஷ்ரவ்யா வீட்டுக்கே வந்தார். உனக்குச் சர்க்கரை நோய் இல்லையாம். ஆனால் உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே, இன்சுலின் சுரக்கும் இடத்தை எதிரியாக நினைத்துத் தாக்குகிறதாம். அதற்கான இரண்டு அடையாளங்கள் உன் ரத்தத்தில் இருக்கின்றனவாம். நோய் அடுத்த மாதமும் வரலாம், பத்து வருஷம் கழித்தும் வரலாம். "தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, உடம்பு இளைப்பு, இதுல எது தெரிஞ்சாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றார். உன் நம்பரைக் கேட்டார்.

அம்மா கொடுக்கவில்லை. "எம்பட பையன் கல்லாட்டம் இருக்கறானுங்க, பயமுறுத்திப்போடாதீங்க" என்றாள். டாக்டரம்மா போனதும் உன் போட்டோவைச் சுற்றி, உப்பையும் ஒரு கை மிளகாயையும் அடுப்பில் போட்டாள். மிளகாய் கருகியது, வீடெல்லாம் புகை. நெடி மட்டும் இல்லை. ஒருவரும் இருமவில்லை. "பாத்தீங்களா, வெறும் கண்ணுதானுங்க. கழிஞ்சுபோச்சு" என்று சிரித்தாள். நான் புகைக்குள் முகத்தை நீட்டிப் பார்த்தேன். கண் கூட எரியவில்லை.

அன்று சாயங்காலம் நீ வீடியோவில் வந்தாய். பேசப் பேச தண்ணீர் பாட்டிலை எடுத்து எடுத்துக் குடித்தாய். தீர்ந்ததும் இன்னொன்றைத் திறந்தாய். "அங்கெல்லாம் வெயிலுங்க" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல். நீயோ ஏசிக் குளிருக்குப் போர்வை போர்த்தியிருந்தாய். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

வெயில்தான் என்றால் நல்லது, கண்ணு. ஆனால் இதைப் படித்ததும் ரவிக்குமாரோடு போய் ரத்தம் பார்த்துவிடு. நோய் என்று தெரிந்து வேலை போனாலும் போகட்டும். எந்தச் சேதியானாலும் கூப்பிடு. இப்போதெல்லாம் உன் போன் அடித்தால் அம்மா எடுப்பதில்லை, நான்தான் எடுக்கிறேன்.

மாகாளியம்மன் உனக்குத் துணையிருப்பாள். ஆனாலும் நீ போ, சாமி.

உன் அப்பா,
ஐயாசாமி